வயிற்றின் மேல் வைத்த டம்ளர்

அந்தச் சுவரை நான் முதலில் திட்டத்தான் செய்தேன். குடிவந்த அன்றைக்கே திட்டினேன். வேலம்பாளையத்தில் வரிசையாக ஐந்து வீடுகள் கொண்ட லைன் வீட்டில் எங்களுடையது கடைசி. அதற்கு அந்தப் பக்கம் நிட்டிங் ஷெட். நூலை வாங்கித் துணியாகச் சுற்றிக் கீழே இறக்கும் ஆறு வட்ட மிஷின்கள் அங்கே ராப்பகல் பார்க்காமல் ஓடும். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஓடும். ஷெட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். சுவர் அதிரும், அதோடு தரை அதிரும், அலமாரியில் வைத்த எவர்சில்வர் டம்ளர் தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். காலையில் உள்ளே தள்ளி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் பூட்டைத் திறந்தால் அது விளிம்பில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"ஆளில்லாத வீட்ல இத யாருங்க நகத்துதா?" என்று என்னைக் கட்டிய வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"பேயி. வேற யாரு? நமக்கு முன்னாலயே குடியிருக்கு. நாமதான் ஒதுங்கிப் போகணும்" என்றார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங், நான் அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த உருப்படியை மேசையில் விரித்து, தையல் விட்ட இடம், ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை எதையும் விடாமல் பிடித்து, சிவப்பு ஸ்டிக்கர் அம்பை ஒட்டித் தள்ளிவிடுவதுதான் என் வேலை. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்: என் மேசையைத் தாண்டி ஒரு பழுதும் வெளியே போனதில்லை. டெய்லர் பெண்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வயிற்றுப் பிள்ளையோடு எட்டாம் மாதம் முழுக்க நின்றுகொண்டே அந்த வேலையைப் பார்த்தேன். ஒன்பதில் முடியவில்லை, வேலையை விட்டுவிட்டேன்.

அம்மா வீட்டுக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எல்லோரும்தான் கேட்டார்கள். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் துணியில் ரத்தம் பட்டது. அதிலிருந்து டாக்டரம்மா பஸ் பயணமே கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, தீபாவளி கழிந்து யாராவது அழைத்து வந்தால்தான் வரமுடியும். ஆக, அந்த ஒற்றை அறையும் நானும் என் வயிறும்தான்.

வலியைப் பற்றி எவளும் எனக்கு முன்கூட்டி உண்மையைச் சொல்லவில்லை. பிரசவ வலியைத்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் வரும் இந்த இரண்டு மாதத்தைச் சொல்லமாட்டார்கள். இடுப்பெலும்பை யாரோ இரண்டு கையாலும் பிடித்து விரிப்பது போல இருக்கும். வெறும் தண்ணீர் குடித்தாலும் நெஞ்செரியும். செருப்பு வார் அமுக்கிய தடம் பாதத்தில் மறுநாள் காலை வரை கிடக்கும். உட்கார்ந்தால் விலா குத்தும், படுத்தால் மூச்சு முட்டும், எழுந்தால் மூத்திரம் முட்டும். போனில் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் இடப்பக்கம் படு, இடப்பக்கம் படு என்பார்கள். எனக்கு இருக்கிறதே ஒரு இடப்பக்கம், அதுவும் மரத்துப்போய்விட்டது என்று ஒருநாள் பெரியம்மாவிடம் கத்திவிட்டேன். பாவம், அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள்.

அப்படி ஒரு மத்தியானம் இடுப்பு தாங்காமல், அழுகையும் ஆத்திரமுமாகச் சுவரோரம் தொப்பென்று உட்கார்ந்து முதுகைச் சாய்த்தேன். சுவரின் அதிர்வு அப்படியே முதுகுத்தண்டுக்குள் இறங்கியது. இடுப்பில் கட்டியிருந்த கயிறுகளை யாரோ ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டது மாதிரி இருந்தது. அம்மாடி! எத்தனை நாளைக்கு அப்புறம் ஒரு சுகம்! அங்கேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனேன்.

அன்றிலிருந்து நான் அந்தச் சுவரை விடவில்லை. பாயை இழுத்து அதை ஒட்டிப் போட்டேன். சாப்பிடுவது, தூங்குவது, போன் பேசுவது எல்லாம் முதுகு சுவரில் இருக்கத்தான். இரண்டடி தள்ளிப்போனால் வலி வந்துவிடும். எங்கள் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் சொந்தக்காரரான அம்மா ஒருநாள் முருங்கைக்கீரை கொடுக்க வந்தார். மூலனூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். இந்த ஊரில் வீட்டை ஊடு என்பார்கள், அவரை எல்லோரும் ஊட்டுக்காரம்மா என்றுதான் சொல்வோம். வாசலில் நின்று என்னையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏனுங் கண்ணு, பல்லியாட்டம் செவுத்துல ஒட்டீட்டு இருக்கறீங்க?"

"இடுப்பு வலிக்கும்மா. இதுல சாஞ்சாத்தான் கொஞ்சம் கேக்கு."

அவர் உள்ளே வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். "மிஷின் வந்த புதுசுல எங்க மாமியா இந்தச் செவுத்தோரம் அடை வெச்சாங்க. பதினோரு முட்டை. கோழி எந்திரிக்கவே இல்லைங்க, அத்தன சொகமா உக்காந்துட்டு இருந்துச்சு. ஒண்ணுகூடப் பொரிக்கல. ஒடைச்சுப் பாத்தா அத்தனையும் கூமுட்டை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் என்ன கோழியாம்மா? நெறமாசக்காரிகிட்ட வந்து சொல்லுத பேச்சா இது?"

"அய்யோ, மனசுல வெச்சுக்காதீங்க கண்ணு. வாய் தவறி வந்துருச்சு" என்று கீரையை வைத்துவிட்டுப் போனார். கோழி சுகமாக உட்கார்ந்திருந்தது என்று அவர் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. அன்று முழுக்க நான் சுவரில் சாயவில்லை. ராத்திரி வலி தாங்காமல் மறுபடியும் போய் ஒட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். மத்தியானம் சாப்பிட்டதும் இடப்பக்கம் படுத்துக் குழந்தையின் அசைவை எண்ணவேண்டும். பத்து வந்தால் காலண்டரில் ஒரு டிக். அது எனக்குக் கைவந்த வேலையல்லவா? பார்ப்பதும் எண்ணுவதும் குறிப்பதும்தானே என் பிழைப்பு! பாயில் இடப்பக்கம் படுத்து, முதுகைச் சுவரில் கொடுத்து எண்ணுவேன். பத்து அசைவு பத்து நிமிடத்தில் வந்துவிடும். காலண்டர் முழுக்க நீல மையில் டிக். ஒரு நாள் விடவில்லை.

முதலில் உதை உதையாக இருந்தது. விலாவுக்குக் கீழே சுருக்கென்று ஒரு குதிகால் வரும். அப்புறம் உதை போய், அடிவயிற்றில் ஒரே நடுக்கமாக, விட்டு விட்டு, ஓயாமல் ஆடும் அசைவாக மாறியது. அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"கடேசி மாசம் உள்ள எடம் ஏதுட்டி? உதைக்காது. நெளியத்தான் செய்யும்" என்றாள்.

அது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைக்காகப் பாதி டம்ளர் தண்ணீரை வயிற்றின் மேல் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்து விளிம்பைத் தொட்டது.

"ஏ பிள்ள, நீச்சலடிக்குதுட்டி!" என்று அவர் குதித்தார். வயிற்றோடு வாயை வைத்து, "எய்யா, மெதுவா அடிய்யா, அம்மைக்கு வலிக்கும்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் தண்ணீர் கொட்டிவிட்டது. பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் டம்ளரை வைக்கச் சொல்வார். தண்ணீர் ஒரு நாளும் ஏமாற்றவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஊர் கலைய ஆரம்பித்தது. பையும் பட்சணமுமாகத் தெற்கே போகிற கூட்டம் முழுக்கப் பஸ் ஏறியது. லைன் வீட்டில் நாலு கதவிலும் பூட்டு. இந்திக்காரர்கள்கூட ரயிலைப் பிடித்துப் போய்விட்டார்கள். தீபாவளிக்கு முதல் நாள் விடியுமுன்பே வீட்டுக்காரர் கடைசி லோடு ஏற்றிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து தூங்கினார். பத்து மணிவாக்கில் நிட்டிங் ஷெட்டின் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆறாவது நின்றபோது யாரோ என் காதை இரண்டு பக்கமும் பொத்தியது போல இருந்தது.

அந்த ஊரில் நான் அமைதியைக் கேட்டதே இல்லை. காற்றில் எப்போதும் அலைந்துகொண்டிருக்கும் பஞ்சுத்தூசி மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தரையில் படிந்தது. அலமாரியில் டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நகரமாட்டேன் என்றது. இடுப்பு வலி வேறு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. வழக்கம்போலச் சுவரில் சாய்ந்தேன். சில்லென்று, வெறும் காரையும் செங்கல்லுமாக, செத்துப்போய்க் கிடந்தது சுவர்.

மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டேன். இடப்பக்கம் படுத்தேன். எண்ண ஆரம்பித்தேன்.

ஒன்று வரவில்லை.

தூங்குகிறது என்று நினைத்தேன். அரை மணி நேரம் போயிற்று. எழுந்து இரண்டு அதிரசத்தைப் பிய்த்துப் போட்டுக்கொண்டேன், இனிப்புக்கு அசையும் என்பார்கள். பானைத் தண்ணீரைக் குடித்தேன். வயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினேன். "ஏய், எந்தி. விளையாடாத. எந்திட்டி" என்றேன். அது பெண் என்று எனக்கு எப்படித் தெரிந்ததோ, அன்றுதான் முதல்முதலாக அப்படிக் கூப்பிட்டேன். அரிசி மூட்டையைத் தொட்டது போல இருந்தது.

டம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்துவந்து மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் வைத்தேன். மூச்சை அடக்கினேன். தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. கூரையின் சிமெண்ட் ஷீட் அதில் தெரிந்தது. அதன் வரிகளை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கலாம், அவ்வளவு அசையாமல் கிடந்தது.

அந்த நேரத்தில் தெருமுனையில் யாரோ ஒரு அணுகுண்டைக் கொளுத்திப் போட்டார்கள். வீடே அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் புரண்டு படுத்தார். என் கை தூக்கிப்போட்டது, கால் தூக்கிப்போட்டது, டம்ளர் கவிழ்ந்து வயிறெல்லாம் தண்ணீர். என் உடம்பில் அந்தச் சத்தத்துக்குத் துள்ளாத இடம் ஒன்றே ஒன்றுதான்.

ஈர வயிற்றோடு அப்படியே கிடந்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. அப்படியானால் இத்தனை நாள் டம்ளரை ஆட்டியது யார்?

மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன். என் முதுகு பட்டுப் பட்டு அதில் உட்கார்ந்த ஆள் உயரத்துக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது. குறுகின தோளும் சாய்ந்த தலையுமாக, என்னை மாதிரியே ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். காலண்டரில் நீல டிக் வரிசையாக நின்றது. எந்த டிக் வரை என் பிள்ளை, எந்த டிக்கிலிருந்து மிஷின்? பனியனில் ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கிற எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரரை எழுப்பவில்லை. அது ஏன் என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் வாயைத் திறந்து சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று பயந்தேன். தினமும் வந்து டம்ளரைப் பார்த்துச் சிரித்த மனுஷன். வயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊட்டுக்காரம்மா வீட்டுக்கு ஓடினேன். ஓட்டமா அது? ஆடி ஆடிப் போனேன். அவர் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்.

"மிஷின ஓட்டச் சொல்லுங்கம்மா."

"என்ன கண்ணு? ஆளெல்லாம் ஊருக்குப் போயாச்சுங்களே."

"ஒரே ஒரு மிஷின். அஞ்சு நிமிஷம். ஓட்டுங்கம்மா. அது ஓடினாத்தான் பிள்ள அசையும். கால்ல வேணும்னா விழுதேன், ஓட்டுங்க!"

என் குரலைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது. அவர் மாவுக் கையோடு எழுந்து வந்து என் வயிற்றில் கையை வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. முகம் மாறியது.

"கண்ணு, மிஷின் ஓடுனா செவுருதான் ஆடும். கொழந்தை ஆடாது. வா."

அதுவரை என்னை மரியாதையில்லாமல் கூப்பிட்டதே இல்லை. வா என்றதும்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவரே போய் வீட்டுக்காரரை எழுப்பினார், அவரே காரை எடுத்தார். ஸ்டியரிங் முழுக்க அரிசி மாவு. எந்நேரமும் நெரிசலாகக் கிடக்கும் ரோட்டில் ஒரு வண்டி இல்லை. கம்பெனிகள் எல்லாம் ஷட்டரை இறக்கிக்கொண்டு நின்றன. வீட்டுக்காரர் பின் சீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து ஆடிச்சே, நேத்துகூட ஆடிச்சேட்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அவரை வாயை மூடச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கருவியை வயிற்றில் வைத்துத் தேடினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அடியில். இரைச்சல் மட்டும் வந்தது. திடீரென்று தொப், தொப் என்று ஒரு துடிப்பு கேட்டது. "இந்தா, இருக்கு!" என்று வீட்டுக்காரர் கத்திவிட்டார். நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இது உங்களோடதுங்க" என்றார். என் வயிற்றுக்குள்ளிருந்து என் சத்தத்தையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவர் மறுபடி தேடினார். என் துடிப்புக்கு அடியில், ரொம்ப ஆழத்தில், இழுத்து இழுத்து இன்னொன்று கேட்டது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

பனிக்குடத்தில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார் டாக்டரம்மா. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே கேட்டார். "எப்ப இருந்து அசைவு கம்மியாச்சு?"

"தெரியல டாக்டர்."

"எண்ணச் சொன்னோமே, எண்ணலையா?"

"எண்ணுனேன்" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

பிள்ளையை வெளியே எடுத்ததும் சத்தம் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டுவது கேட்டது. குழாயில் உறிஞ்சுவது கேட்டது. நான் எண்ணினேன். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை, முப்பத்து நாலு வரை எண்ணினேன். முப்பத்தைந்தில் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். பெண்தான். பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கையில் கொடுத்தார்கள்.

நாங்கள் வீடு திரும்பியபோது ஊர் திரும்பியிருந்தது. ஆறு மிஷின்களும் ஓடின. டம்ளர் மறுபடியும் விளிம்புக்கு வந்து நின்றது. வேறு வீடு பார்க்கும்வரை இங்கேதான் என்றார் வீட்டுக்காரர். பாயைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடமுடியுமோ அவ்வளவு தள்ளிப் போட்டேன். இடுப்பு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டேன்.

பிள்ளை தூங்கும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். எந்தத் தாயும் பார்ப்பாள். ஆனால் அந்த வீட்டில் என் கை நடுங்கும், தொட்டில் நடுங்கும், பிள்ளையின் மேல் போர்த்திய துணி நடுங்கும். மூச்சு விடுகிறாளா, வீடு ஆட்டுகிறதா என்று தெரியாது. ஒருமுறை அந்த டம்ளரிடம் ஏமாந்தவள் நான். அதனால் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவேன். தரை ஆடாத இடமாகப் பார்த்து, எதிர்சாரி வேப்பமரம் வரை போய் நின்று, வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. தெருவில் எனக்குப் பைத்தியம் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே, அவர்களுக்கு என்ன?

ஒருநாள் உச்சி வெயிலில் ஊட்டுக்காரம்மா பார்த்துவிட்டார்.

"ஏனுங் கண்ணு, பச்சைப் புள்ளைய வெச்சுட்டு வெய்யில்ல நிக்கறீங்க?"

"மூச்சு பாக்கேன்மா. வீட்டுக்குள்ள தெரியல."

அவர் நேராக ஷெட்டுக்குள் போனார். ஆபரேட்டரிடம் தனக்குத் தெரிந்த இந்தியில், "பந்த் கரோ பையா, சப் பந்த் கரோ" என்று சொல்வது கேட்டது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வெளியே வந்து, "இப்ப உள்ள போயிப் பாருங்க கண்ணு. நீங்க பாத்துட்டேன்னு சொல்ற வரைக்கும் ஓடாது" என்றார்.

பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினேன். வீடு அசையவில்லை. என் கையை அவள் நெஞ்சில் வைத்தேன். ஏறியது, இறங்கியது. ஏறியது. அது வீடு இல்லை, மிஷின் இல்லை, அவளேதான். அதற்குள் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். எனக்குள் இருந்த நாளெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள், அது நின்றுபோனதில் பயந்துபோய், முகம் சிவக்க, காலிரண்டையும் உதைத்து உதைத்து வீரிட்டு அழுதாள். ஒரு உதை என் மணிக்கட்டில் பட்டது. வலித்தது. நான் எண்ணவில்லை. தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து அழுதேன்.